கீழக்கரை வீட்டில் பழைய கழிவுநீர்க் குழாய்: ஒட்டுப் போடுவதா, முழுவதும் மாற்றுவதா?

முற்றத்து வீடு
ஜூன் 2, காலை 10.15

கீழக்கரையில் எங்கள் உம்மா இருக்கும் வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். 1989இல் வாப்பா கட்டிய வீடு. நடுவில் முற்றம். தெற்கே கழிப்பறையும் குளியலறையும். வடக்கே கொல்லையில் செப்டிக் டேங்க். இரண்டையும் இணைக்கும் குழாய் முற்றத்துக்கு அடியில் 62 அடி ஓடுகிறது. பழுப்பு நிறத்தில் மினுமினுப்பாக இருக்கும் அந்தக் காலத்து மண் குழாய், நான்கு அங்குலம்.

போன கார்த்திகை மழையிலிருந்து மூன்று முறை அடைத்துவிட்டது. மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினால் ஒரு மாதம் ஓடுகிறது, மறுபடி நிற்கிறது. குத்தும்போது வெளியே வருவதில் பாதி மணல். கழிப்பறைக் குழாயில் மணல் எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. சென்ற வாரம் அடுப்படி வாசலுக்கு முன்னால் சிமெண்டுத் தரை இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. குதிகாலால் தட்டினால் தவில் போல ஒலிக்கிறது.

இரண்டு பேரை அழைத்துக் காட்டினோம். ஒருவர், தரை இறங்கிய இடத்தில் மட்டும் உடைத்து இரண்டு குழாய் மாற்றினால் போதும், 9,500 ரூபாய், ஒரே நாள் வேலை என்கிறார். மற்றவர், 62 அடியையும் தோண்டி மாற்ற வேண்டும், 85,000 ரூபாய், ஒரு வாரம் ஆகும் என்கிறார். உம்மாவுக்கு வயது 71. ஒரு வாரம் கழிப்பறை இல்லாமல் அவர் எங்கே போவார்? அதோடு, வாப்பா நின்று போடவைத்த தரையை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை. செலவுக்குத் தம்பி பணம் அனுப்புவதாகச் சொல்லிவிட்டான். எது சரி என்றுதான் தெரியவில்லை.

ரசமட்டம் (மண்டபம்)
ஜூன் 2, பிற்பகல் 1.40

சகோதரி, அந்த இரண்டு பேரில் யாராவது குழாயைச் சோதித்துப் பார்த்தார்களா? தரை இறங்கிய இடத்தைப் பார்த்து ஒருவரும், வீட்டின் வயதைப் பார்த்து ஒருவரும் விலை சொன்ன மாதிரி தெரிகிறது.

என் தகப்பனார் கொத்தனார். அவர் முதலில் செய்வது இதுதான். கொல்லைப் பக்கத்துச் சேம்பரில் (குழாயைத் திறந்து பார்க்கக் கட்டிய சிறு தொட்டி) குழாய் வந்து விழும் வாயை அடைக்க வேண்டும். மரக்கட்டையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கித் தட்டினால் போதும். கட்டையில் கயிறு கட்ட மறக்காதீர்கள், இல்லையென்றால் அது டேங்குக்குள் போய்விடும். பிறகு மேல் சேம்பரில் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக எண்ணி ஊற்றுங்கள். நான்கு அங்குலக் குழாயில் 62 அடி என்றால் ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். 15 லிட்டர்க் குடத்தில் பத்துக் குடம். பத்தோடு நிரம்பி அரை மணி நேரம் மட்டம் இறங்காமல் நின்றால் குழாய் முழுதாக இருக்கிறது என்று பொருள். நிரம்பவே மறுத்தால் அந்தத் தண்ணீர் எங்கோ மணலுக்குள் போகிறது.

இதைச் செய்து பார்க்காமல் ஒருவருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தொண்டிக்காரன்
ஜூன் 2, இரவு 8.05

எல்லாரும் சேர்ந்து அவரை 85,000 ரூபாய்ச் செலவுக்குள் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் வாசலில் குழாய் உடைந்து கழிவு மேலே வந்தது. முழுவதும் மாற்றச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தோண்டிப் பார்த்தால், தண்ணீர் லாரியின் பின்சக்கரம் ஏறிய இடத்தில் மட்டும் ஒரு முழ நீளத்துக்குக் குழாய் நசுங்கியிருந்தது. அந்தத் துண்டை அறுத்து எடுத்து, புதுத் துண்டு வைத்து இரண்டு பக்கமும் கப்ளிங் போட்டார்கள். 3,200 ரூபாய். ஐந்து வருடமாக ஒரு சொட்டு ஒழுகவில்லை. சின்ன வேலையைப் பெரிய வேலையாக்கி ஏழை வீட்டு நகையை அடகுக் கடைக்கு அனுப்புகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாம்பன் கரை
ஜூன் 2, இரவு 10.30

தொண்டி அண்ணன் சொல்வது அவர் வீட்டுக்குப் பொருந்தும். அவருடையது பிவிசி குழாய், வயதும் குறைவு, உடைந்ததற்குக் காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது. சகோதரி சொல்வது வேறு கதை. அது என் வீட்டுக் கதை.

எங்களுக்கும் அதே பழுப்புக் குழாய்தான். முதல் ஒட்டு குளியலறைக்கு வெளியே, 7,000. எட்டு மாதம் கழித்து அதற்குப் பத்தடி தள்ளி இன்னொரு இடம், 8,500. அடுத்த வருடம் புரட்டாசியில் படிக்கட்டுக்கு அடியில், அங்கே உடைத்துக் கட்ட 14,000. அந்த மார்கழியில் மறுபடி அடைத்தது. கடைசியில் முழுக் குழாயும் மாற்ற 70,000 ஆனது. முன்னால் போட்ட 29,500 ரூபாய் மண்ணோடு போயிற்று. இதில் பணத்தைவிட எனக்கு வலித்தது வேறு. அந்த மூன்று வருடமும் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் பிள்ளைகள் வாய் கொப்பளித்தார்கள். குழாய் மாற்றிய பிறகுதான் அதைப் பற்றி நினைத்தே பார்த்தேன்.

இங்கே கிணறு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். உப்பு நீருக்கு மேலே மழைநீர் மெல்லிய ஏடு போல மிதந்துகொண்டிருக்கிறது, அதைத்தான் இறைக்கிறோம். மணலில் கசிவது நேரே அந்த ஏட்டில்தான் சேரும். கிணறு இருக்கிறதா, எவ்வளவு தூரம் என்று சகோதரி சொல்லவில்லையே?

முற்றத்து வீடு
ஜூன் 5, காலை 7.20

பாம்பன் அண்ணன் கேட்ட பிறகு அளந்தோம். எங்கள் கிணறு குழாயிலிருந்து 22 அடி. அடுத்த வீட்டு மாமியின் கிணறு எங்கள் பக்கச் சுவரிலிருந்து 14 அடி. நாங்கள் காவிரித் தண்ணீர் குடிக்கிறோம். கிணற்று நீர் குளிக்கவும் பாத்திரம் துலக்கவும்தான். மாமி வீட்டில் குழாய்த் தண்ணீர் வராத நாளில் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடிப்பதும் உண்டு.

மண்டபம் சகோதரர் சொன்னபடி நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சோதித்தோம். அடுத்த தெருப் பையன்கள் இரண்டு பேர் குடம் தூக்கினார்கள், நான் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினேன். பத்தாவது குடத்தில் நிரம்பவில்லை. பன்னிரண்டு, பதினான்கு. பதினாறாவது குடம் ஊற்றியும் மேல் சேம்பரில் தண்ணீர் கண்ணில் படவில்லை. பதினாறோடு நிறுத்திவிட்டோம். கால் மணி நேரத்தில், கீழே கட்டையைப் பிடுங்குவதற்கு முன்பே, உள்ளே சளசளவென்ற ஓசைகூட அடங்கிவிட்டது. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மாமி வீட்டு வாசலில் நின்று, இனி அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (இராமநாதபுரம்)
ஜூன் 5, முற்பகல் 11.50

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு, மணல் எப்படி வருகிறது என்பதற்கு, இப்போது பதில் சொல்ல முடியும்.

உங்கள் பழுப்புக் குழாய் உப்பு மெருகிட்ட சுட்டமண் குழாய். அந்த மண் கெடாது. நூறு வருடம் கழித்துத் தோண்டினாலும் ஓடு அப்படியே இருக்கும். கெடுவது மூட்டு. அந்தக் குழாய் பெரும்பாலும் இரண்டடித் துண்டுகளாகவே வந்தது. 62 அடிக்கு ஏறக்குறைய 30 மூட்டு. ஒவ்வொன்றும் கையால் சிமெண்டுக் கலவை அப்பிய மூட்டு. சிமெண்டு வளையாது; அடியில் மணல் ஒரு நெல் அளவு அமர்ந்தாலும் வெடிக்கும். நம் நிலத்து உப்பும் அதை அரிக்கிறது.

வெடித்த மூட்டில் கோடையில் ஒன்று நடக்கிறது, மழையில் இன்னொன்று நடக்கிறது. இப்போது நிலத்தடி நீர் குழாய்க்குக் கீழே இருக்கிறது. ஆகவே கழிவு வெளியே கசிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் குழாய்க்கு மேலே ஏறிவிடும். அப்போது நிலத்து நீர் உள்ளே பாய்கிறது, வரும்போது மணலையும் இழுத்து வருகிறது. அந்த மணல்தான் உங்கள் அடைப்பு. மணல் போன இடம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தின் மேல்தான் உங்கள் அடுப்படி வாசல் நிற்கிறது. வயதானவர் நடமாடும் இடம். இன்றே அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு மறியுங்கள்.

ஆறு குடத்துக்கு மேல் கால் மணி நேரத்தில் போயிருக்கிறது என்றால் ஒரு மூட்டில் போனதாக இருக்க வாய்ப்புக் குறைவு. அனைத்தும் ஒரே வாரத்தில், ஒரே கையால், ஒரே கலவையில் வைத்த மூட்டுகள். ஒன்று போன காரணம் மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. இரண்டு குழாய் மாற்றினால் ஏறக்குறைய 27 பழைய மூட்டு மிஞ்சும். என் முடிவு: மாற்றுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் காலத்திலேயே முடித்துவிடுங்கள். புரட்டாசி வந்துவிட்டால் இரண்டடி தோண்டியதுமே ஊற்று கண் திறந்துகொள்ளும். பிறகு மோட்டார் வாடகைக்கே பாதிப் பணம் போய்விடும்.

கிணறு இரண்டையும் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. மலம் கலந்ததைக் காட்டும் ஈ கோலி கிருமியும் நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ கோலிகூட இருக்கக்கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

ஏர்வாடி, இப்போது சென்னை
ஜூன் 5, இரவு 9.15

சென்னையில் தரையை உடைக்காமலே பழைய குழாய்க்குள் பிசின் ஊறிய துணிக்குழலை நுழைத்து, காற்றடைத்து இறுக வைத்துவிடுகிறார்கள். உள்ளுக்குள் புதுக் குழாய் உருவாகிவிடுகிறது. வாப்பா போட்ட தரையும் பிழைக்கும். விசாரித்துப் பார்க்கலாமே?

ஓய்வுபெற்ற பொறியாளர் (இராமநாதபுரம்)
ஜூன் 6, காலை 6.30

நல்ல முறைதான். 1971இல் லண்டனில் தொடங்கியது. தெருவின் பெரிய சாக்கடைகளுக்கு நம் நகரங்களிலும் பயன்படுகிறது. ஆனால் துணிக்குழல் பழைய குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். இவர் வீட்டில் அடியில் மணல் போய்க் குழாய் தொய்ந்து வயிறு விழுந்திருக்கும். அந்த வயிற்றில் கழிவு தேங்கி நிற்பதைத் துணிக்குழல் சரி செய்யாது. அடியிலுள்ள வெற்றிடத்தையும் நிரப்பாது. மேலும், 62 அடி நான்கங்குலக் குழாய்க்காக அந்த இயந்திரத்தைக் கீழக்கரைக்குக் கொண்டுவரும் செலவில் இங்கே இரண்டு வீட்டுக்குப் புதுக் குழாய் போட்டுவிடலாம்.

தென்னந்தோப்பு (தங்கச்சிமடம்)
ஜூன் 6, காலை 9.00

கொல்லையில் தென்னை இருக்கிறதா? இருந்தால் மூட்டுக்குள் வேர் நிச்சயம் போயிருக்கும். கோடையில் இந்த உவர் மண்ணில் நல்ல ஈரம் கிடைக்கும் ஒரே இடம் அந்தக் கசிவுதான். எங்கள் வீட்டில் வேரை இரண்டு முறை வெட்டினோம். ஆறு மாதத்தில் திரும்பவும் தேங்காய் நார்ப் பிரி போலத் திரண்டு வந்தது. உப்பைக் கொட்டுங்கள், அமிலத்தை ஊற்றுங்கள் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இருக்கிற மூட்டும் கெடும், அது போய்ச் சேருவது கிணற்றில். ரப்பர் வளையம் வைத்த பிவிசி மூட்டு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் வேருக்கு உள்ளே வழி கிடையாது. மரத்தை வெட்ட வேண்டியதே இல்லை.

ரசமட்டம் (மண்டபம்)
ஜூன் 6, பிற்பகல் 2.10

மாற்றுவது என்று முடிவானால் ஒரு கேள்வி. முற்றத்தை ஏன் உடைக்க வேண்டும்? வீட்டுக்குப் பக்கத்தில் சந்து இருக்கிறதா?

முற்றத்துக்கு அடியில் குழாய் போட்டது அந்தக் காலத்தில் அதுதான் குறுக்குவழி என்பதால். இப்போது சந்து வழியாகப் புதுக் குழாய் போடலாம். முற்றம் தப்பும். அதைவிட முக்கியம், புதுக் குழாய் போட்டு முடியும்வரை பழைய குழாய் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி நாளில் இரண்டு முனையையும் மாற்றிக் கொடுத்தால் உங்கள் உம்மாவுக்குக் கழிப்பறை அரை நாள்தான் நிற்கும்.

இதற்குச் சரிவு கிடைக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறைக் குழாய் வெளியேறும் மட்டத்துக்கும் டேங்கின் வாய் மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? நீளமான ஒளிபுகும் டியூபில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையிலும் மட்டம் பிடித்தால் தெரிந்துவிடும். டியூபுக்குள் காற்றுக்குமிழ் இருக்கக்கூடாது. இருந்தால் கணக்கு பொய்யாகும்.

முற்றத்து வீடு
ஜூன் 8, மாலை 6.45

கிழக்கே மூன்றரை அடிச் சந்து இருக்கிறது. சந்து வழியாக 71 அடி, இரண்டு திருப்பம். மட்ட வித்தியாசம் 15 அங்குலம். இந்த வழி எங்கள் வீட்டுக்கு வந்த இருவருக்கும் தோன்றவில்லை.

உம்மாவிடம் சொன்னபோது, அப்படியானால் நாளைக்கே தொடங்கு என்றார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வேலைக்கு முன் டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஒருவர், லாரி வேண்டாம், ஆள் இறங்கி வாளியால் எடுத்தால் மலிவு என்றார். என்ன செய்வது?

சேதுக்கரை
ஜூன் 8, இரவு 7.30

லாத்தா, அந்த மனிதரை இனி வாசலுக்கே அழைக்காதீர்கள்.

டேங்குக்குள் தேங்கும் வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடியதும் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவர் அங்கேயே விழுவார். காப்பாற்றப் போகிறவரும் விழுவார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. உயிருக்கு அதுவும் ஈடாகாது. 14420 என்ற எண்ணில் அழைத்தால் உறிஞ்சு லாரிக்கு வழி சொல்வார்கள். கழிவை ஓடையிலோ கடற்கரையிலோ கொட்டுகிற லாரியாக இருக்கக்கூடாது. எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (இராமநாதபுரம்)
ஜூன் 9, காலை 8.20

சேதுக்கரைத் தம்பி சொன்னதற்கு மேல் ஒரு சொல் இல்லை. டேங்கைக் காலி செய்வதும் இந்தக் கோடையில்தான் சரி. நீர்மட்டம் ஏறிய மழைக்காலத்தில் முழுவதும் உறிஞ்சினால் செங்கல் டேங்கின் சுவர் உள்வாங்கும். பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் மேலே மிதந்தே விடும். காலி செய்ததும் வெளியே நின்று டார்ச் அடித்து, அடித்தளம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். தளமில்லாத டேங்க் என்றால் குழாயை மட்டும் மாற்றி மாமியின் கிணற்றைக் காப்பாற்ற முடியாது.

சரிவுக்கு வருகிறேன். 71 அடிக்கு 15 அங்குலம் என்றால் 57 அடிக்கு ஓர் அடி இறக்கம். 110 மில்லிமீட்டர், அதாவது நான்கங்குலக் குழாய்க்கு 40க்கு 1 சிறந்தது, 60க்கு 1 வரை போகலாம். உங்களுக்கு எல்லைக்குள் வருகிறது, ஆனால் விரயம் செய்ய ஓர் அங்குலம்கூடக் கிடையாது. ஒவ்வொரு குழாயிலும் மட்டம் பார்த்தே வைக்கச் சொல்லுங்கள். சரிவு குறைவு என்று ஆறங்குலக் குழாய் போடலாம் என்பார்கள். கேட்காதீர்கள். அகலக் குழாயில் ஒரு வீட்டு நீர் மெல்லிய படலமாகப் பரவி ஓடும், திடக்கழிவை நடுவழியில் விட்டுவிட்டுப் போகும்.

குழாய் வாங்கும்போது ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 13592, பி வகை என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ஏ வகை மழைநீருக்கும் காற்றுக்குழாய்க்கும். அதன் சுவர் 2.2 மில்லிமீட்டர்தான், பி வகை 3.2. மண்ணுக்கடியில் போடுவதற்கென்றே ஐ.எஸ். 15328 குழாய் உண்டு. கடையில் கிடைத்தால் அதுவே மேல். மாமியின் கிணற்றுக்கு நேரே மூட்டு வராதபடி பத்தடி முழுக் குழாயை நடுவில் வைத்து, அந்தப் பகுதியைச் சுற்றிலும் கான்கிரீட் போடுங்கள்.

பள்ளத்திலிருந்து எடுக்கும் மணலையே மெத்தையாகப் போடலாம், ஆனால் சலித்துப் போடுங்கள். பழைய வீட்டுச் சுற்றில் பவளக்கல் துண்டு நிறையக் கிடக்கும். அதன் முனை பிவிசியைக் குத்திவிடும். சந்தில் அடுத்த வீட்டு அஸ்திவாரம் இருப்பதால் ஒரு நாளைக்குப் பத்தடி, பதினைந்தடிக்கு மேல் திறந்து வைக்காதீர்கள். மணல் சொல்லாமல் சரியும். அன்றன்றைக்கே மூடிவிடுங்கள். மூடாமல் விட்ட இரவில் மழை பெய்தால் காலிக் குழாய் மிதந்து எழும்பும். ஒரு மீட்டர் குழாய் ஒன்பதரை கிலோ நீரை விலக்குகிறது, அதன் எடையோ இரண்டு கிலோகூட இல்லை.

முற்றத்து வீடு
ஜூலை 3, இரவு 9.00

வேலை முடிந்தது. உதவிய ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். நடந்ததை எழுதுகிறேன்.

கிணற்று நீர்ச் சோதனையில் எங்கள் கிணறு, மாமியின் கிணறு இரண்டிலும் ஈ கோலி இருந்தது. அறிக்கையை மாமியிடம் நானே எடுத்துப் போனேன். கோபிப்பார் என்று பயந்திருந்தேன். அவர் காகிதத்தை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, சந்துப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குத் தேநீர் என் வீட்டிலிருந்து வரும் என்றார். வந்தது, எட்டு நாளும்.

டேங்கின் அடித்தளம் நன்றாகவே இருந்தது. மண்டபம் சகோதரரின் தகப்பனாரே வந்து வேலையை நடத்தினார். ரசமட்டத்தை ஒவ்வொரு குழாயின் மேலும் வைத்து, ஒரு முனைக்கு அடியில் மெல்லிய மரச்சீவல் ஒன்றைச் செருகிப் பார்த்தார். சீவலின் கனம்தான் சரிவு என்றார். அந்தச் சீவலை எட்டு நாளும் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். கடைசி நாள் காலை எட்டு மணிக்குப் பழைய இணைப்பை அறுத்தார்கள். லுஹர் தொழுகைக்கு முன் உம்மா புதுக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டார்.

மாலையில் அடுப்படி வாசலில் தரையை உடைத்தார்கள், இறங்கிய இடத்தில் ஆறடி மட்டும். மேலே இரண்டங்குலச் சிமெண்டு, அதற்கு அடியில் மூன்று குடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் அளவுக்குக் குகை. உம்மா தினமும் முறம் வைத்துப் புடைக்கும் இடம் அது. குகையின் அடியில் பழைய குழாய் தெரிந்தது. ஓடு புதிது போலப் பளபளப்பாக இருந்தது, பொறியாளர் ஐயா சொன்ன மாதிரியே. மூட்டில்தான் கலவை வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, என் நான்கு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே தென்னை வேர் ஒரு முழத்துக்குப் பின்னல் போலக் கிடந்தது. கொத்தனார் கையை விட்டு அடுத்த மூட்டையும் தடவிப் பார்த்தார். அங்கேயும் விரல் போயிற்று. அதற்கடுத்ததிலும்.

பழைய குழாயை இரண்டு முனையிலும் அடைத்து, மணலும் சிமெண்டும் கரைத்த குழம்பை ஊற்றி நிரப்பினார்கள். குகையையும் நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கினார்கள். வெறுமனே விட்டிருந்தால் மழையில் மறுபடியும் மணல் அதற்குள் இறங்கும் என்றார்.

மொத்தம் 81,300 ரூபாய். இதில் குழாயும் மூட்டுச் சாமான்களும் 12,600, நான்கு சேம்பர் 24,000, கூலி 31,500, லாரி, சிமெண்டு, தரை எல்லாம் சேர்த்து மீதி. குழாயின் விலை இதில் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஏ வகை வாங்கியிருந்தால் மிஞ்சியிருப்பது சில ஆயிரம்தான்.

தொண்டிக்காரன்
ஜூலை 4, காலை 7.10

மூட்டுகளைத் தடவிப் பார்த்ததைப் படித்தேன். 9,500 ரூபாய் போதும் என்று நினைத்துத்தான் எழுதினேன். இந்தக் குழாய்க்கு அது தவறு. உம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். கிணறுகளை என்ன செய்தீர்கள்?

முற்றத்து வீடு
ஜூலை 4, இரவு 8.40

இரண்டையும் இறைத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் போட்டோம். நிலத்தில் ஊறியிருப்பது போக ஒரு மழையாவது வேண்டும் என்று பொறியாளர் ஐயா தொலைபேசியில் சொன்னார். அதுவரை மாமி வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் எங்கள் காவிரிக் குழாயிலிருந்துதான் போகிறது.

முற்றத்து வீடு
நவம்பர் 19, இரவு 11.30

நான்கு நாளாக வாடைக்காற்றும் மழையும். கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. அதாவது குழாய் இப்போது நீருக்கடியில் கிடக்கிறது. இன்று இரவு பத்து மணிக்கு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்து, குடையோடு கொல்லைக்குப் போய்ச் சேம்பரைத் திறந்தேன். உம்மா டார்ச் பிடித்தார். குழாய் வாயில் ஒரு சொட்டு நீர் இல்லை. அடியில் விரலால் தடவினேன், மணலும் இல்லை.

மாமியின் கிணற்று நீரைப் புதன்கிழமை மறுபடி ஆய்வகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். அறிக்கை வந்ததும் இங்கே எழுதுகிறேன். குழாய் போகும் வழியைச் சுவரிலிருந்து அளந்து, வரைபடமாக எழுதி மின்மீட்டர்ப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கிறேன். வீடு மாற்றிக் கட்டுகிறவர்கள் யாராவது கேட்டால் அந்த மாதிரியைத் தருகிறேன்.